எத்தனை கத்தி போதும், வெர்லீன்?

வெர்லீன் கோம்ஸ் தன் முதல் கத்தியை வாங்கியதற்குக் காரணம் ஒரு பல். தபால் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கென்டக்கி மலையில், ஓடையை ஒட்டி மேலேறும் மண்பாதையில், நூற்றெண்பது தபால்பெட்டிகள் அவள் பொறுப்பு. கடிதக் கட்டைச் சுற்றியிருக்கும் சணலைப் பல்லால் கடித்து இழுப்பது அவள் வழக்கம். ஒருநாள் சணல் வரவில்லை, பல் வந்துவிட்டது. பல் வைத்தியர் உடைந்ததை ஒட்டவைத்துவிட்டு, "ஏம்மா, கத்தின்னு ஒண்ணு கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சே, கேள்விப்படலையா?" என்றார். அன்றைக்கே இரும்புக்கடைக்குப் போய் மஞ்சள் பிடி போட்ட மடக்குக்கத்தி ஒன்று வாங்கினாள்.

ஆறே வாரத்தில் அது ஓடையில் விழுந்தது. மனசு கேட்காமல் இன்னொன்று வாங்கினாள். ஆகஸ்டில் ஓடை வற்றியபோது பழையது கூழாங்கற்களுக்கு நடுவே பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஒன்றே ஒன்று இருந்தவரை பேச்சில்லை. இரண்டானதும் எது ஒசத்தி என்ற கேள்வி வந்துவிட்டது. மூன்றாவது ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அதற்கு எப்படிப் பதில் சொல்வது?

அந்த மலையில் பாக்கெட்டில் கத்தி இல்லாமல் ஓர் ஆம்பளை வெளியே வந்தால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். தபால்பெட்டிக்குப் பக்கத்தில் காத்து நின்று, "இன்னிக்கு என்ன வெச்சிருக்கே வெர்லீன்?" என்பார்கள். கேட்பது தபாலை இல்லை. அவள் வண்டிக் கண்ணாடி வழியாகக் கையை நீட்டுவாள். அவர்கள் வாங்கித் திறந்து, வெயிலில் அலகைத் திருப்பிப் பார்த்து, மூடி, காதோரம் வைத்து 'டக்'கென்ற சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். பிறகு தங்கள் பாக்கெட்டில் கையை விடுவார்கள். இருபத்தொன்பது வருடம் இப்படி ஓடியது. பதினைந்து நிமிஷம் தாமதமாக வந்த கடிதங்களைப் பற்றி யாரும் புகார் எழுதவில்லை. எழுத வேண்டியவர்கள் எல்லாம் அந்தப் பதினைந்து நிமிஷமும் அவளோடுதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் கணவன் டாய்ல் வேறு ஜாதி மனுஷன். ஒரு தொப்பி, ஒரு ட்ரக், ஒரு கத்தி. சாலை போடும் பெரிய இயந்திரத்தை முப்பது வருடம் ஓட்டியதில் காது பாதி போய்விட்டது. மிச்சம் இருந்த பாதியையும் தேவையானபோதுதான் பயன்படுத்துவான். மனைவியின் கத்திகளைப் பற்றி அவன் வாயைத் திறந்ததே இல்லை, அந்த ஜூரி அழைப்பு வரும்வரை.

வெர்லீன் ஓய்வு பெற்ற மறு வருடம் அது வந்தது, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஊர்க்காரர்களில் ஒருத்தியாக வரச்சொல்லி. நீதிமன்ற வாசலில் புதிதாக இரும்பைக் கண்டுபிடிக்கும் நிலைக்கதவு ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அதற்குக் காவல் கர்ட்டிஸ், அவளுடைய சித்தி மகன்.

"அக்கா, பையில இரும்பு கிரும்பு இருந்தா தட்டுல போட்டுடுங்க."

வெர்லீன் ஒரு கத்தியை எடுத்துப் போட்டுவிட்டு நடந்தாள். கதவு கீச்சிட்டது. திரும்பி வந்து இன்னொன்றைப் போட்டாள். மறுபடியும் கீச்சிட்டது. கோட்டுப் பையிலிருந்து இரண்டு, கைப்பையிலிருந்து ஒன்று, சட்டைக்குள்ளிருந்து ஒன்று. பின்னால் வரிசை படிக்கட்டைத் தாண்டிப் புல்வெளிவரை போய்விட்டது. ஏழாவது பூட்ஸுக்குள்ளிருந்து வந்தது.

"அக்கா, நீங்க ஜூரிக்கு வந்தீங்களா, நீதிபதிய அறுக்க வந்தீங்களா?"

"அறுக்கறது உன் வேல. காலையிலேருந்து அதத்தான பண்ணிட்டிருக்கே."

வரிசை முழுக்கச் சிரித்தது. கர்ட்டிஸ் விடவில்லை. "ஏழு எதுக்குன்னு சொல்லிட்டுப் போங்க."

"இது ஆப்பிளுக்கு. இது சணலுக்கு. இது நல்லது கெட்டதுக்குப் போறப்ப. இது யாராவது இரவல் கேட்டா குடுக்க."

"அப்ப இது?"

"இரவல் போனது திரும்பி வரலைன்னா."

குற்றம் சாட்டப்பட்டவன் அன்று காலையே அதை ஒப்புக்கொண்டதால் ஜூரி தேவைப்படவில்லை. பத்து மணிக்கு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் சேதி அவளுக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. டாய்ல் சமையலறையில் சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"ஏழாமே?"

"யாரு சொன்னா?"

"மூணு பேரு போன் பண்ணாங்க. ஒருத்தன் ஒம்பதுன்னான். மொத்தமா எத்தன வெச்சிருக்கே?"

"ஒரு நாப்பது இருக்கும்."

டாய்ல் எழுந்து மாவு டப்பாவைத் திறந்தான். அதற்குள் பதினொன்று இருந்தன. தையல் மிஷின் இழுப்பறையில் இருபத்தாறு. கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டியில், கண்ணாடி உருண்டைகளுக்கு நடுவில், ஒரு சாக்ஸ் நிறைய. மழைக்கால பூட்ஸில், குளிர்சாதனப் பெட்டியின் தலையில், பைபிள் இழுப்பறையில், பியானோ ஸ்டூலுக்கு உள்ளே. எல்லாவற்றையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பியபோது தட்டு வைக்க இடமில்லை. எண்ணினார்கள். நூற்று அறுபத்து மூன்று.

"நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து இருவது வெரலு," என்றான் டாய்ல். "எத்தன இருந்தா போதும், வெர்லீன்?" என்று கேட்டான்.

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் அவளும் ஒரு பாட்டம் சண்டை போட்டு முடித்திருப்பாள். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதுதான் அவளைக் குத்தியது. அதைவிட, நாற்பது என்று அவள் சொன்னது பொய்யும் இல்லை. மனசார நம்பித்தான் சொன்னாள்.

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாரத்துக்கு ஏழு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்று. தோட்டத்துக்கு, மீனுக்கு, முயலுக்கு. சர்ச்சுக்கு முத்துச்சிப்பிப் பிடி போட்டது. சாணை பிடிக்கப் போட்டிருக்கும்போது மாற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஜோடி. காலத்துக்கேற்ப மான்கொம்புப் பிடி, எலும்புப் பிடி, மரப்பிடி. அரைமணி நேரம் எழுதிக் கூட்டிப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு வந்தது.

"டாய்ல், நம்மகிட்ட இருபத்தேழு கொறையுதே!"

டாய்லுக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

அவன் சிரித்து ஓய்ந்தாலும் அவளுக்குக் கேள்வி ஓயவில்லை. சனிக்கிழமை இருபது கத்திகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நீதிமன்றப் புல்வெளிக்குப் போனாள். அங்கே மேப்பிள் மரத்தடி பெஞ்சில் எப்போதும் நாலு பேர் தேவதாருக் கட்டையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஹோபர்ட், எண்பது வயதுக் கிழவர். அவர் எதையும் செதுக்குவதில்லை. கட்டையைச் சுருள் சுருளாகச் சீவிக் காலடியில் குவிப்பதோடு சரி.

"சும்மா எடுத்துக்கோங்க. வீட்ட காலி பண்றேன்," என்றாள் வெர்லீன்.

"சும்மாவா?" ஹோபர்ட் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சும்மா குடுத்த கத்தி சிநேகத்த அறுத்துப்புடும். உன்கூட சண்ட போடற வயசா எனக்கு? பதிலுக்கு ஏதாவது வாங்கிட்டுப் போ."

ஒரு பென்னி கொடுத்தால் போதும், சாஸ்திரம் தீர்ந்துவிடும். ஆனால் ஒரு தபால்காரியிடம் பென்னியை நீட்ட அவர்களுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சுற்றிக் கூடியவர்களும் சேர்ந்து ஆளாளுக்குத் தங்கள் பாக்கெட்டிலிருந்த கத்தியை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு கத்திக்கு ஒன்று ஈடாகாது என்று பட்டால் இரண்டாகக் கொடுத்தார்கள். வெர்லீன் இருபதோடு போய் இருபத்து மூன்றோடு வீடு திரும்பினாள். கூடவே ஒரு ஜாடி சோளத்தட்டைப் பாகும், கால் கட்டிய ஒரு சேவலும்.

"சேவல் எதுக்கு?" என்றான் டாய்ல்.

"அது மேல போட்டுக் குடுத்தது."

மறுநாள் ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வெர்லீன் வழக்கம்போல ஒவ்வொரு கத்தியாகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஒரே டக்குதான? அதுக்கு எதுக்கு நூத்தி அறுபத்தாறு?" என்றான் டாய்ல்.

"ஒரே டக்கா!" வெர்லீனுக்குச் சுர்ரென்று ஏறியது. "உனக்குத்தான் இடி விழுந்தாலும் கேக்காது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொரல் இருக்கு. கண்ண மூடிட்டுச் சொல்வேன்."

"சொல்லேன் பாப்போம்."

"சொல்றேன். எதச் சொல்றனோ அது எனக்கு. எதச் சொல்லலையோ அது வீட்ட விட்டுப் போகட்டும்!"

வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. டாய்ல் அதற்குள் அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டான்.

டக்.

"அது பாதிரியார்கிட்ட மாத்தினது. ஒரு தடவ மூடினா ரெண்டு தடவ பேசும், அவர மாதிரியே."

டொக்.

"வெள்ளத்துல மூழ்கி எடுத்தது. இன்னும் உள்ள மண்ணு இருக்கு."

க்ரிக்... டக்.

"மூடறதுக்கு முன்னால கொஞ்சம் மொரண்டு பிடிக்கும், நம்ம ட்ரக்கு மாதிரி. மேல்பள்ளத்து இரட்டையருல குட்டையன் குடுத்தது."

முதல் முப்பதில் இருபத்திரண்டைச் சொல்லிவிட்டாள். டாய்ல் வாயைப் பிளந்தான். ஒரு தடவை ஏமாற்றியும் பார்த்தான்.

"அது கடுகு ஜாடி மூடி, டாய்ல்."

ஆனால் போகப் போக அவளுக்கு அடையாளம் தெரியாதவை கூடின. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரு டஜன் அப்படியே போனது. மலிவாகக் கிடைத்ததே என்று எடுத்தது, ஜோடி சேரட்டும் என்று எடுத்தது, வேறு யாரும் எடுத்துவிடக்கூடாதே என்று எடுத்தது. எதற்கும் அவளிடம் பெயரில்லை. மழை விடுகிறவரை நடந்தது. கடைசியில் அவள் பக்கம் ஐம்பத்தெட்டு, போகிற பக்கம் நூற்றெட்டு.

திரும்பிப் பார்த்தவள் பதறிவிட்டாள். போகிற குவியலின் உச்சியில் மான்கொம்புப் பிடி போட்ட அவளுடைய ராணி உட்கார்ந்திருந்தாள். பதினொரு வருடமாக வெல்வெட்டில் சுற்றி, பைபிள் இழுப்பறையில் வைத்திருந்த கத்தி. தேய்ந்துவிடுமோ என்று ஞாயிற்றுக்கிழமை துடைக்கும்போதுகூட அதை மட்டும் திறந்ததில்லை.

"இது எப்படி இங்க?"

"நீதான் தெரியலேன்னே."

"நீ சரியா மூடியிருக்க மாட்டே."

டாய்ல் அதை எடுத்துத் திறந்து நிதானமாக மூடினான். கனத்த, உருண்ட சத்தம். அவளிடம் இருந்த எதற்கும் அப்படி ஒரு சத்தம் இல்லை. அவளும் அதை இதற்கு முன் கேட்டதில்லை.

"வேணும்னா வெச்சுக்கோ," என்றான் டாய்ல் மெதுவாக. "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

வெர்லீன் கத்தியை வாங்கி மான்கொம்புப் பிடியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அதே குவியலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டிய அளவுக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

அடுத்த சனிக்கிழமை புல்வெளியில் போர்வை விரித்து நூற்றெட்டையும் அடுக்கினாள். இந்தத் தடவை டாய்லும் கூட வந்தான். கையில் காலிக் காப்பி டப்பா. "ஆளுக்கு ஒரு பென்னி! கத்தி வாங்க மாட்டோம், சேவல் வாங்க மாட்டோம்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். தன் சத்தம் தனக்குக் கேட்காத மனுஷன். கர்ட்டிஸ் வேலைக்கு நடுவில் ஓடிவந்து இரண்டு எடுத்துக்கொண்டான். மத்தியானத்துக்குள் போர்வை காலி.

ராணியை எடுத்தது ஹோபர்ட். திறந்தார், வெயிலில் பார்த்தார், அடுத்த நிமிஷமே தேவதாருக் கட்டையில் வைத்துச் சீவ ஆரம்பித்துவிட்டார். வெர்லீன் போர்வையை உதறி மடித்துக்கொண்டு ட்ரக்குக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. புதுக்கத்தி எது வந்தாலும் மூன்று மாதம் தவணை. அதற்குப் பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பரீட்சை. டாய்ல்தான் பரீட்சை அதிகாரி. போகப் போக அவனுக்கு அது பிடித்துப்போய், மூக்குக்கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். "ரெண்டு வந்துச்சு, ரெண்டையும் ஃபெயிலாக்கிட்டேன்," என்று கடைத்தெருவில் பெருமை அடித்துக்கொண்டான். மாவு டப்பாவில் மாவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை துடைக்கும் வேலை சாயங்காலச் சாப்பாட்டுக்குள் முடிந்தது.

இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை வெர்லீன் பெஞ்சுப் பக்கம் போனாள். மாற்ற எதுவும் கொண்டுபோகவில்லை. ஹோபர்ட் நகர்ந்து இடம் கொடுத்தார். ராணியின் அலகு இப்போது சாம்பலும் நீலமுமாகக் கறுத்திருந்தது. பிடியில் அவர் கட்டைவிரல் பட்ட இடம் வழவழத்திருந்தது.

"பாத்தியா, எப்படி ஆயிட்டான்னு?" என்றார் அவர், கொஞ்சம் பயத்தோடு.

"பாத்தேன். நல்லா இருக்கா," என்றாள் வெர்லீன். அது தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

அவர் சீவிச் சீவி மூடினார். மறுபடி திறந்து சீவி மூடினார். ஒரு மணி நேரம் போயிருக்கும். வெர்லீன் கண்ணை மூடி வெயிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த மற்ற மூன்று பேரும் மாற்றி மாற்றித் தங்கள் கத்திகளை மூடித் திறந்துகொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் கனத்து உருண்ட சத்தம் ஒன்று கேட்டது.

"ஹோபர்ட், இது அவதான?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

கிழவர் சட்டென்று கத்தியைப் பாக்கெட்டில் போட்டு, மேலே கையை வைத்து அமுக்கிக்கொண்டார். "தெரிஞ்சுபோச்சுன்னா திருப்பித் தரணும்னு ஏதாவது சட்டம் வெச்சிருக்கியா?"

"இல்ல."

"டாய்ல் கிட்டயும் கேட்டுக்குவேன்," என்றார் அவர். கத்தியை வெளியே எடுக்கவே இல்லை. பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்துபோய், மறுபக்கத்துப் பாக்கெட்டிலிருந்து வேறொன்றை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.