கழிமுகத்தில் நின்ற தாய்மாமன்

எனக்குக் காது குத்திய அன்று பத்தர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் வரவில்லை. மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டு முன்னால் பந்தல் நிறைய உறவுக்காரர்கள். பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் அம்மா பேசியது அத்தனை பேருக்கும் கேட்டது.

"கான்கிரீட்டுக்கு என்ன, காதா குத்தறாங்க? வுட்டுப்போட்டு வாடா!"

மாமா வரமுடியாது என்றார். அம்மா தன் சித்தப்பா மகனை உட்காரச் சொன்னாள். அவர் மடியில்தான் எனக்குக் காது குத்தினார்கள்.

மாமா போர்வெல் ரிக்கில் தொழில் பழகியவர். எங்கள் பக்கத்துப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் தேடியவருக்கு, கடற்கரை நெடுஞ்சாலைப் பாலத்தில் தண்ணீரோடு மல்லுக்கட்டும் வேலை கிடைத்தது. ஆறு கடலில் சேரும் கழிமுகம் அது. முன்பு அங்கே ஒரு தரைப்பாலம் மட்டும் இருந்தது. ஐப்பசி மழையில் அது மூழ்கினால், முட்டை ஏற்றிய நாமக்கல் லாரிகள்கூடக் கரையில் வரிசையாக நின்றுவிடும். புதிய பாலத்தின் தூண்களுக்காகச் சேற்றையும் மணலையும் துளைத்து, கெட்டித் தரை தட்டும்வரை குழி இறக்கினார்கள். பக்கங்கள் சரியாமலிருக்கக் களிமண் குழம்பை நிரப்பி, கம்பிக்கூட்டை உள்ளே விட்டு, நீண்ட குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட்டை ஏற்றிக்கொண்டே வர வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்தக் குழி வீண். மழையால் தள்ளிப்போன கான்கிரீட், மாமா ஊருக்குக் கிளம்பவேண்டிய நேரத்தில் வந்து சேர்ந்தது.

அதன்பிறகு அம்மா அவரிடம் நேராகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் சோறு போடுவாள். "இன்னும் கொளம்பு வேணுமான்னு உங்க மாமனக் கேளு சாமி" என்பாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மாமா, "போதும்னு உங்கம்மாகிட்டச் சொல்லு சாமி" என்பார். நான் வேலைக்குப் போன பிறகும் இது மாறவில்லை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் இருவரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு கடலோரக் கோயில் ஒன்றுக்குப் போனேன். வழியில் அந்தப் பாலம் வந்தது. பாலத்தைக் கடந்ததும், படகுத்துறைக்கு இறங்கும் பாதையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் அம்மா. இறங்கிப் பாலத்துக்கு அடியில் போய் நின்றோம். தூண்களெல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"இதுல எதுன்னு கேளு."

மாமா ஒன்றைக் கைகாட்டினார். "அதுக்கு அடியிலீங்க்கா. நான் போட்டது வெளிய தெரியாது."

"அன்னைக்கு வேற ஆளே இல்லியான்னு கேளு."

"இருந்தானுங்க்கா. அவன நம்பி வுட்டுட்டு வர எனக்குத்தான் மனசு வல்லே. தப்புத்தான்."

இத்தனை காலமும் ஆள் இல்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அம்மாவின் முகம் இறுகியது. கோயிலுக்குப் போகாமலே திரும்பச் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது தலைக்கு மேலே பாரம் ஏற்றிய லாரி ஒன்று போனது. பாலத்தின் மேல்தள இணைப்பில் சக்கரங்கள் ஏறி இறங்கிய சத்தம் தூண் வழியாகக் கீழே வந்தது. அம்மா பதறிப்போய் மாமாவின் கையைப் பிடித்தாள்.

"ஏன்டா, தாங்குமாடா?"

லாரி அக்கரை சேரும்வரை மாமாவும் அவள் கையைப் பிடித்திருந்தார்.

"தாங்குங்க்கா."