ஒரே பெயரில் நின்ற வார்டு

1. படித்து வந்தவள்

ஜெனிஃபர் எங்கள் வார்டில் கால் வைப்பதற்கு முன்பே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

ஆம்பூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் பத்துப் படுக்கை கொண்ட மனநல வார்டு எங்களுடையது. அது திறந்த நாளிலிருந்து நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். மனநலச் சட்டப்படி வார்டைப் பதிவு செய்ய ஆய்வுக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, சைக்கியாட்ரிக் நர்ஸிங் படித்திருக்கிறேனா என்பது. இல்லை என்றேன். எத்தனை வருட அனுபவம் என்று நானாகவே சொன்னேன்.

"சரிம்மா, அனுபவம் இருக்குது. ஆனா அத எந்தக் கட்டத்துல எழுதறது?" என்றார் வந்தவர்களில் ஒருவர். "படிச்சவங்க ஒருத்தராவது வேணும். இல்லன்னா உள்நோயாளி எடுக்க முடியாது."

அதற்காகவே அனுப்பப்பட்டவள் ஜெனிஃபர். சோளிங்கர்க்காரி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். பதிவுச் சான்றிதழ் வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மெதுவாக.

2. தினகரனின் மாத்திரை

தினகரன் தோல் தொழிற்சாலையில் ஃப்ளெஷிங் மெஷினில் நிற்பவன். தோலின் உள்பக்கச் சதையைச் சுரண்டி எடுக்கும் மெஷின் அது. ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்கும் நோய் அவனுக்கு. மாத்திரையை நிறுத்திவிடுவான், நோய் முற்றும், மறுபடி வந்து சேர்வான். அவன் அப்பா முனுசாமி ஒருமுறை டீயில் மாத்திரையைப் பொடித்துப் போட்டார். கண்டுபிடித்துவிட்டான். அதன் பிறகு வீட்டில் டீ குடிப்பதையே விட்டான். முற்றிய காலத்தில் அவனை அறையில் வைத்துப் பூட்டியும் இருக்கிறார்கள்.

நான் அவனைக் கெஞ்சியிருக்கிறேன், அதட்டியிருக்கிறேன், பிஸ்கட் கொடுத்து ஏமாற்றியும் பார்த்திருக்கிறேன். ஜெனிஃபர் அவன் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டு, "மாத்திர போட்டா உனக்கு இன்னா பண்ணுதுண்ணா?" என்று கேட்டாள்.

"காலைல போட்டா கண்ணு சொக்குது சிஸ்டர். நான் மெஷின்ல நிக்கிறவன். கொஞ்சம் அசந்தா கை உள்ள போய்டும். எங்க கம்பெனில ஒருத்தனுக்குப் போய்ச்சு."

அவள் அதை டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் மருந்து முழுவதையும் இரவு வேளைக்கு மாற்றினார். அன்றிலிருந்து அவனாகவே வாங்கிப் போட்டுக்கொண்டான்.

"எப்படிப் பேசுது பாருங்க அந்தப் பொண்ணு!" என்று முனுசாமி என்னிடமே வந்து சொன்னார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனேன். எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது இது? யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். அவள் கேட்டாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

3. மாறுதல்

அடுத்து வந்த இடமாறுதல் கவுன்சலிங்கில் ஜெனிஃபருக்குச் சொந்த ஊர்ப் பக்கமே இடம் கிடைத்தது. செய்தி கேட்ட அன்று மாலை பஜாரில் இரண்டு முழம் மல்லி வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். "அவங்க ரிலீவ் ஆனா பதிவு நிக்காது சிஸ்டர். வேற ஆள் கேட்டுப் பாத்தேன், போஸ்ட் எல்லாம் காலியாத்தான் கிடக்குது, ஆள் இல்ல. அட்மிஷன் நிறுத்திட்டு ஓ.பி. மட்டும் பாக்க வேண்டியதுதான்."

விஷயம் வார்டில் பரவிவிட்டது. முனுசாமி வந்து வழி மறித்து நின்றார்.

"எம் பையன வேலூருக்கு அனுப்பிடுவீங்களாமே?"

"அங்க பெரிய ஆஸ்பத்திரிங்க. நல்லாப் பாப்பாங்க."

"புது மூஞ்சி கிட்ட மாத்திர வாங்கமாட்டான். இப்பத்தான் தேறி வர்றான். மறுபடி ரூம்ல போட்டுப் பூட்டச் சொல்றீங்களா?" குரலைத் தாழ்த்தினார். "நீங்கதான் பெரிய சிஸ்டர். அந்தப் பொண்ணுகிட்ட பேசுங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஆவாதுன்னு வார்டுக்கே தெரியும். இருந்தாலும் பேசுங்க."

4. மருந்து அறை

ஜெனிஃபர் ஊசி மருந்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

"போகாத" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "நான் போனா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்க்கா."

"படுவேன். நேத்து பூ கூட வாங்கி வெச்சேன். ஆனா வார்டு போய்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகம் மாறியது. "எம் பொண்ணு சோளிங்கர்ல எங்கம்மாகிட்ட வளருது. மூணு வயசு. லீவுல போனா எங்கிட்ட வரமாட்டேங்குது. எங்கம்மாவத்தான் அம்மான்னு கூப்பிடுது. பெத்த அம்மா மேலயே எனக்குப் பொறாமையா இருக்குதுக்கா. உங்களுக்கு இது புரியாது."

எனக்கா புரியாது? ஆனால் அதற்குமேல் அவளை இரு என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தது வேறு வார்த்தை.

"ஒரு வருஷம் இரு. அந்த சைக்கியாட்ரிக் நர்ஸிங் டிப்ளமோவ நான் போய்ப் படிச்சிட்டு வர்றேன்."

டாக்டர் முன்பே இரண்டு முறை சொல்லி, எனக்கு எதற்கு என்று நான் மறுத்த படிப்பு அது.

"நிஜமாவா?"

"நைட் டூட்டி முடிஞ்சதும் ஆஃப் எல்லாம் சேர்ந்து வர்ற மாதிரி உனக்கு டூட்டி போடச் சொல்லிட்டுப் போறேன். மாசத்துல ரெண்டு தரம் ஊருக்குப் போய்ட்டு வா."

"நீங்க ஃபெயில் ஆனா நான் இங்கியே மாட்டிக்குவேன்."

"ஆகமாட்டேன். உன்ன அனுப்பணும் இல்ல?"

மாறுதல் வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுத்தாள்.

5. கற்றது

என் பிள்ளை வயதுக்காரர்களோடு உட்கார்ந்து படித்தேன். ஹாஸ்டலில் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். தூக்கம் வந்தபோதெல்லாம் ஜெனிஃபரின் முகத்தை நினைத்துக்கொண்டேன், தூக்கம் ஓடிவிட்டது. தேறினேன். அதற்குள் தினகரன் குணமாகி மெஷினுக்குத் திரும்பியிருந்தான். அடுத்த கவுன்சலிங்கில் ஜெனிஃபர் ஊருக்குப் போனாள். வார்டின் பதிவில் அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் ஏறியது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரே ஒருவரின் பெயரில் ஒரு வார்டை நிற்க விடாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது. அவர் இருக்கும்போதே அடுத்த ஆளைப் படிக்க அனுப்புங்கள். ஆள் போன பிறகு ஆள் கேட்டால் வராது.

எங்கள் வார்டு நர்ஸ் கவிதாவை இந்த வருடம் அதே படிப்புக்கு அனுப்பியிருக்கிறேன். கெட்டிக்காரி. திரும்பி வந்தால் நோயாளிகள் அவளைத்தான் தேடப்போகிறார்கள். எனக்கு வயிறு எரியத்தான் போகிறது. அவளுடைய விண்ணப்பத்தில் சிபாரிசுக் கையெழுத்து என்னுடையது.