ஐந்தாம் பக்கத்தில் ஜைத்தூன் அக்கா

கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்தி மிளகு பறிக்க ஏறப்போன நேரத்தில் போன் அடித்தது. ஜைத்தூன் அக்காவின் மகன் ரபீக்.

“அம்மா மவுத்தாயிட்டாங்க மாமா. டீ குடிச்சுட்டு நெஞ்சை அடைக்குதுன்னாங்க. மலை எறங்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க.”

ஏணியை அப்படியே விட்டுவிட்டுத் தலைச்சோலையில் என் தோட்டத்திலிருந்து வண்டியை எடுத்தேன். ஏற்காடு டவுனுக்கு வந்து போனைப் பார்த்தால், எங்கள் நிருபர்கள் குரூப்பில் ஒரு செய்தி: “ஜைத்தூன் அக்கா காலமானார். யாராவது ஒருவர் நியூஸ் அடித்துப் போடவும். எல்லோரும் அனுப்பிவிடலாம்.” அதைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏன் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அக்காவை அறியாதவர்களுக்கு முதலில் அவரைச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்வெட்டரும் குல்லாவும் விற்கும் சிறு கடை அவருடையது. அவருடைய கணவர் ஒரு நாளிதழுக்கு ஏஜென்ட். எங்கள் மாதிரி ஊர்களில் பேப்பர் ஏஜென்சி யாரிடம் இருக்கிறதோ அவரேதான் நிருபர். விழாவுக்குச் சிறப்பு மலர் போட்டால் விளம்பரம் பிடித்துத் தருவதும் அவர் வேலைதான். கணவர் படுக்கையில் விழுந்ததும் அக்கா இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டார்.

அவர் கொடுத்த முதல் செய்தி, நாகலூருக்குப் போகும் கடைசி பஸ் நின்றுபோனது பற்றியது. சேலம் அலுவலகத்தில் போனை எடுத்தவர், “ஊட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?” என்று கேட்டாராம். “இருக்காருங்க, படுத்திருக்காரு. பஸ் நின்னுபோனது எனக்கே தெரியுங்க, எழுதிக்கறீங்களா?” என்றாராம் அக்கா. செய்தி வந்தது. பிறகு பஸ்ஸும் வந்தது. அந்த பஸ்ஸில் வந்து இறங்கிய எஸ்டேட் பெண்கள் கடை வாசலில் நின்று தன்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதை அக்கா சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்.

ஏற்காட்டில் அக்காவையும் சேர்த்து நாங்கள் நான்கு பேர் பகுதி நேர நிருபர்கள், நான்கு வெவ்வேறு நாளிதழ்களுக்கு. போட்டி போட எங்களுக்கு நேரமும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. ஒருவர் சம்பவ இடத்துக்குப் போவார்; அவர் எழுதியதை மற்ற மூவரும் தங்கள் பேப்பருக்கு அனுப்புவார்கள். சோம்பேறித்தனம் என்று சேலத்துப் பத்திரிகைக்காரர்கள் எங்களைக் கிண்டல் செய்வதுண்டு. அக்கா அதை வேறு மாதிரி பார்த்தார்.

“நாலு பேப்பர்ல வந்தாத்தான் கண்ணு அது செய்தி. ஒண்ணுல மட்டும் வந்துச்சுன்னா, எழுதினவளுக்கும் எதிராளிக்கும் சண்டைன்னு பேசிப்போடுவாங்க. நாலு பேரும் சேர்ந்து போட்டா யார் மேல கையை வெப்பாங்க?”

இதுதான் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். வெள்ளக்கடையில் ரோடு பிளந்துகிடந்ததும், காபிக் காட்டுக்குள் காட்டெருமை இறங்கியதும் நான்கு பேப்பரிலும் ஒரே நாளில் வந்தன. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஓட்டுப் பெட்டி மலையேறி வருகிறது. இடைப்பட்ட காலத்தில் இந்த மலையின் குரல் கீழே போய்ச் சேர அந்த இரண்டு பத்திச் செய்திதான் வழி. அது பெரிய காரியம் என்று நான் நம்பினேன். அக்கா என்னைவிட அதிகமாக நம்பினார்.

ஒரு கோடையில் நாகலூருக்கு மேலே உள்ள ஒரு காலனியிலிருந்து பொன்னி என்ற எஸ்டேட் தொழிலாளி அக்காவின் கடைக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

“ஏனுங்க அக்கா, எங்க கொழாய்ல காத்துதானுங்க வருது. மேல ரிசார்ட்டுக்காரங்க ஊத்துக்கே பைப்பு போட்டுட்டாங்க. நாங்க ஓடைக்கு எறங்கி ஏறிக் காலே போச்சுங்க.”

மறுநாள் அக்கா தனியாகவே போனார். பைப் போகும் வழியைப் பிடித்துக்கொண்டே ஊற்றுவரை ஏறி, படம் எடுத்து, எழுதி, குரூப்பில் போட்டார். நாளைக்கே போட்டுவிடலாம் என்று நால்வரும் ஒப்புக்கொண்டோம். நான் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் அது அக்காவின் பேப்பரில் மட்டும் வந்திருந்தது.

என் பேப்பரின் செய்திப் பிரிவுக்குப் போன் போட்டேன். “கோடை விழா மலருக்கு முழுப்பக்க விளம்பரம் யார் கொடுத்திருக்காங்கன்னு தெரியுமில்ல?” என்றார்கள். கத்தினேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். மற்ற இருவரும் அனுப்பவே இல்லை. அதோடு விட்டார்களா? அன்று மதியம் ரிசார்ட் மேனேஜர் அக்காவின் கடைக்கு வந்தபோது அவர் போனில் இருந்தது அச்சான செய்தி அல்ல. எங்கள் குரூப்பில் அக்கா போட்ட அதே பதிவு, அச்சில் வராத படங்களோடு. எங்களில் ஒருவர் அனுப்பாமல் அது அவர் கைக்குப் போயிருக்க முடியாது. யார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அடுத்த வாரம் அதே ஆள் கடைக்கு வந்தபோது அக்கா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் செய்தி வந்து இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் பஸ்ஸில் வந்த பேப்பர் கட்டை அக்கா பிரித்தார். ஐந்தாம் பக்கத்தில், கட்டம் கட்டி, அவர் படம், கீழே ஓர் அறிவிப்பு: குடிநீர் செய்தி தவறுதலாக வெளியானது, அதற்கு வருந்துகிறோம். இவருக்கும் எங்கள் நாளிதழுக்கும் இனி எந்தத் தொடர்பும் இல்லை. அத்தனை வருடம் உழைத்தவரின் படம் அந்தப் பேப்பரில் வந்தது அந்த ஒரு முறைதான்.

ஏஜென்சி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. பேப்பர் போடும் ஆட்கள் வாசலில் காத்திருந்தார்கள். அக்கா பேப்பர்களை வழக்கம்போல் அடுக்கி, எல்லாத் தெருவுக்கும் அனுப்பினார். நான் ஓடிப்போய், “இன்னைக்கு ஒரு நாள் நிறுத்தியிருக்கக் கூடாதாக்கா?” என்றேன்.

“காசு குடுத்துப் படிக்கறவங்க பேப்பரை நான் எப்படி நிறுத்தறது கண்ணு? எனக்குப் புடிக்காத செய்தின்னு நிறுத்தினா, அப்பறம் எனக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?” ஐந்தாம் பக்கத்தை மறுபடி பார்த்து, “போட்டோ நல்லாத்தான் விழுந்திருக்கு” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

பிறகு நடந்ததை யாரும் ஊகிக்கலாம். ஏஜென்சி பறிபோனது. காலனிக்கு விசாரணைக்கு வந்த அதிகாரி, “செய்தி தப்புன்னு பேப்பர்காரங்களே சொல்லிட்டாங்களேம்மா” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பொய் சொல்ல வேண்டிய சிரமம்கூட அவருக்கு இல்லை. அதைப் பத்திரிகையே செய்து கொடுத்துவிட்டது. ரிசார்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலனிக்காரர்களை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கோபத்தில் காலனியில் சிலர் அக்காவிடம் பேசுவதையும் நிறுத்தினார்கள். அதுதான் அவரை மிகவும் வாட்டியது.

“எழுதறதை ஏங்க்கா விட்டுட்டீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “விடல கண்ணு. போடறதுக்குத்தான் ஆளில்லை” என்றார்.

அடக்கத்தன்று நாங்கள் கபர்ஸ்தானிலிருந்து திரும்பியபோது அக்கா வீட்டு வாசலில் பொன்னி நின்றிருந்தார். வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

“எங்காளுங்க பேசாம இருந்தது தப்புங்கண்ணா. அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள எடுத்துட்டாங்களாமா?”

உள்ளே போய் அவருக்கு ஒரு நாற்காலி எடுத்து வந்து போட்டேன்.

மறுநாள் அக்காவின் மரணச் செய்தி என் பேப்பர் தவிர மற்ற மூன்றிலும், அக்காவை விலக்கிய பேப்பர் உட்பட, ஒரே மாதிரி வந்தது, ‘பத்திரிகை உலகுக்குப் பேரிழப்பு’ என்று. என் பேப்பருக்கு நான் அனுப்பவில்லை. அந்த வாக்கியத்துக்கு என் கை போகவில்லை. அதற்குப் பதிலாக, நண்பர்கள் நடத்தும் இந்தச் சிறு இதழுக்கு இதை எழுதினேன். இதற்காக என் நிருபர் வேலை போகலாம். போகட்டும், மிளகு இருக்கிறது, காபி இருக்கிறது. அக்கா அன்று குரூப்பில் போட்ட செய்தியை அவர் பெயரோடு கீழே தருகிறேன்.

*ஏற்காடு: நாகலூருக்கு மேல் உள்ள காலனிக்குக் குடிநீர் தரும் ஊற்றில் தனியார் விடுதி ஒன்று குழாய் பதித்துத் தண்ணீர் எடுத்து வருகிறது. இதனால் ஊராட்சித் தொட்டி வறண்டுவிட்டது. பெண்கள் ஓடைக்கு இறங்கிக் குடிநீர் சுமக்கின்றனர். விடுதியின் நீச்சல் குளம் நிரம்பியுள்ளது. காலனிக்கு உடனடியாகத் தண்ணீர் வழங்க வேண்டும் என்று அங்குள்ள மக்கள் கோருகின்றனர். – ஜைத்தூன்*

இதை அனுப்புவதற்கு முன் ஊற்றுவரை ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். செய்தியில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. போய் வாருங்கள் அக்கா.