மில் வேனில் திரும்பிய பேச்சாளர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாத மத்தியானம். ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காலனி. படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பெற்றோரிடம் பேச, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என்னை அழைத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய்ச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன் நான். வீட்டில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

கல்வியின் பெருமையைப் பற்றி அரை மணி நேரம் வெளுத்து வாங்கினேன். ப்ளஸ் ஒன்னோடு நின்றுவிட்ட ஒரு பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த மகளின் கையைப் பிடித்தபடி எழுந்தார். "நாளையிலருந்து எம்மக பள்ளிக்கூடம் போவா சார்." ஒரே கைதட்டல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே வந்தால், என்னைக் கூட்டி வந்த கார் என்னைவிட முக்கியமான விருந்தினர் ஒருவரோடு போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் சாயங்காலம்தானாம். அந்த நேரம் பார்த்து, பஞ்சாலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வேன் வந்தது. "ஏறுங்க சார், பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுதேன்" என்றார் டிரைவர். ஏறினால், பக்கத்து சீட்டில் அதே அம்மாவின் மகள், மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு.

"என்னம்மா, நாளைக்குப் பள்ளிக்கூடம்னு அம்மா சொன்னாங்களே?"

"எதுல சார் போக? பெல்லு ஒம்பதுக்கு. பஸ்ஸு பத்துக்குத்தான வருது."

"நடந்து போக முடியாதா?"

"நடந்துதான் போனேன். மாந்தோப்புல யானை எறங்கி ஒருத்தர மிதிச்சிருச்சு. பொறவு யாரு விடுவா?"

"அம்மா அழுதாங்களே..."

"அவ டிவி சீரியலுக்கும் அழுவா சார்."

வேன் முழுக்கச் சிரிப்பு. "ஏட்டி, சார்கிட்டயா வாய் காட்டுத?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே. இந்த வேன் மட்டுந்தான் வீட்டு வாசலுக்கே வருது. ஒரு நாளும் நேரம் தப்புனதில்ல. அதத்தான் சொல்ல வந்தேன்."

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், முதல் வேலையாக பஸ் நேரம் எழுதிய பலகையைத் தேடிப் போனேன்.

பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி அப்புறம் நிறைய அலைந்தேன். போன இடத்திலெல்லாம் என் பேச்சை ரசித்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். பஸ் இன்னும் பத்துக்குத்தான் வருகிறது. போன மாதம் அந்த டிரைவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். அந்தப் பெண் இப்போது நைட் ஷிப்டு என்றார்.

இப்போது கல்வி பற்றிப் பேச யார் கூப்பிட்டாலும், அந்த ஊருக்குக் காலையில் பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்கிறேன். பதில் தெரிந்த ஒருவரும் இதுவரை என்னைக் கூப்பிடவில்லை.