அளந்தபின் போடும் பிடி

வெள்ளிக்கிழமை மடுல்கெல்லயில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் தேர். நான்கு நாள் லீவு கேட்டேன். கண்டி வாவிக்கு மேலேயுள்ள கெஸ்ட் ஹவுஸில் நான்தான் சமையல். தேங்காய்ப்பாலில் இறுக ஆக்கித் துண்டு போடும் என் பாற்சோற்றைக் கிராம் கணக்கில் எழுதிவைத்து, அதைப் பார்த்து இன்னொருவர் சரியாக ஆக்கிக் காட்டினால் போகலாம் என்றார் முதலாளியம்மா. எனக்கு எரிச்சல். பதினாறு வருஷமாகப் பால் டின்னையே ஒரு சுண்டு என்ற அளவாக வைத்து அளக்கிறேன். சாப்பிட்டவர்கள் யாரும் சாகவில்லை.

அந்த இன்னொருவர் கலகெதரையிலிருந்து வந்த முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவேன். பேக்கரியில் இருந்தவர், தராசில் வைக்காமல் உப்பைக்கூடத் தொடமாட்டார். ஒரு சுண்டு எத்தனை கிராம் என்று கேட்டார். எதை அளந்தால் என்று திருப்பிக் கேட்டேன். அரிசிக்கு ஒரு எடை, துருவிய தேங்காய்க்கு வேறு எடை. இதுகூடத் தெரியாமல் பேக்கரியில் என்ன செய்தாரோ. பச்சையரிசியைத் தலைதட்டி நிறுத்தோம். இருநூறு கிராம். நான்கு சுண்டுக்கு எண்ணூறு. தண்ணீரையும் தேங்காய்ப்பாலையும்கூட நிறுத்து எழுதினார்.

புதன்கிழமை காகிதத்தைப் பார்த்து அவர் ஆக்கினார். வெட்டினால் துண்டு நிற்கவில்லை, மணல் மாதிரி உதிர்ந்தது. முதலாளியம்மா ஒரு வாய் தின்று தட்டை நகர்த்தினார்; என் லீவும் சேர்ந்து நகர்ந்தது. தராசு பார்க்கத் தெரியாதவர் என்று நானாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். நான்தான் வேண்டுமென்றே எதையோ மறைக்கிறேன் என்றார் அவர்.

வியாழன் காலை நான் ஆக்கும்போது கைகட்டிப் பக்கத்தில் நின்றார். அரிசி வாளியிலிருந்து நான்கு சுண்டும் அளந்து முடித்தேன்.

"நில்லுங்க தங்கச்சி. ஒவ்வொரு சுண்டுக்கும் ஒரு பிடி திரும்ப வாளிக்குள்ள போட்டீங்களே, அது என்ன?"

நான் போடவேயில்லை என்று சத்தியம் பண்ண வாய் திறந்தேன். உள்ளங்கையில் அரிசி ஒட்டியிருந்தது. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். அளந்ததில் ஒரு பிடியை வாளிக்கே கொடுப்போம், அது வெறுமையாகக் கூடாது என்று. சமைக்கும்போது கை தானாகப் போகும். தராசுக்கு அளந்த அன்று உலை வைக்கவில்லை, கையும் போகவில்லை.

உடனே என் பிடியைத் தராசில் நிறுத்தார். நான்கு தடவை, நான்கு எடை. கடைசிப் பிடிதான் பெரிது. அப்போது அவர்மேல் நல்ல கோபத்தில் இருந்தேன்.

"இதுல எத எழுத?"

"நடுவுல ஒன்ன எழுதுங்க நானா. எனக்கு பஸ்ஸ புடிக்கணும்."

கழித்து எழுதி, மறுபடி ஆக்கினார். துண்டு நின்றது. முதலாளியம்மா மூன்று துண்டு தின்றுவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

கிளம்பும்போது, நிறுத்தாலும் வாளிக்கு ஒரு பிடி போடவேண்டும் என்று நானாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"நான் அத எடுக்கவே இல்லயே தங்கச்சி. வாளிக்குள்ளதானே கெடக்கு."

காகிதத்திலேயே கழித்திருக்கிறாரே, நியாயம் அவர் பக்கம். அந்த ஆத்திரத்தோடே பஸ் ஏறினேன்.