பாலைவனம் தாண்டினேன், கடல் தாண்டவில்லை

சுனாமி வந்து போய் ஐந்தாறு வருடம் இருக்கும். அப்போது போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு நாள் கோத்தகிரியிலிருந்து அக்கா போன் செய்தாள். "அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. ஒரு மாசம் தாங்குனா பெருசுன்றாங்க. உன்னத்தான் கேக்குது, புள்ள. வந்துரு."

வந்துரு என்று சொல்வது சுலபம். மெயின்லேண்ட் போகக் கப்பல், இல்லாவிட்டால் விமானம். இரண்டுக்கும் அடியில் கடல்தான். நான் நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். சுனாமி அன்று காலையில் மீன் வாங்க ஜெட்டிக்குப் போன தம்பி திரும்பவே இல்லை. நானும் அம்மாவும் மேட்டில் ஏறித் தப்பித்தோம். போர்ட் பிளேர் முகாமில் அம்மா போவோர் வருவோரிடமெல்லாம் அவனைப் பற்றிக் கேட்பார். "அடுத்த கப்பல்ல வந்துருவான்" என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அதை நம்பி ஒவ்வொரு கப்பலுக்கும் போய் நின்றார். பிறகு அக்கா வந்து கோத்தகிரிக்குக் கூட்டிப் போய்விட்டாள். நான் கல்யாணமாகி இங்கேயே தங்கிவிட்டேன்.

முகாமுக்குக் கப்பலில் கண்ணை மூடிக்கொண்டு வந்ததோடு சரி, அப்புறம் ஒரு படகில்கூட நான் கால் வைக்கவில்லை. பஸ் கடலோரமாகப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "இன்னுமா பயம்?" என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவர்கள் தம்பியா போனான்?

பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி இருந்தார். என் வீட்டுக்காரரோடு ஒரே ஆபீஸில் வேலை. கம்ப்யூட்டரில் சின்ன விமானம் ஓட்டுவதில் அவருக்கு ஒரு கிறுக்கு. ஃப்ளைட் சிமுலேட்டர் என்பார். நிஜமாகப் பறக்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரமும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். என் கதை தெரிந்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டார். "பாபி, ரெகிஸ்தான் கே ஊபர் சலேங்கே. ஏக் பூந்த் பானி நஹீ" என்றார். அண்ணி, பாலைவனத்துக்கு மேலேயே போவோம், ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது என்று இந்தியில் சொன்னார்.

சிரிப்பாக இருந்தாலும் போனேன். புது வண்டிக்குச் செய்கிற மாதிரி கம்ப்யூட்டர் மேஜையின் கால்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். தினமும் சாயங்காலம் கொஞ்ச தூரம் பறப்போம். எங்காவது ஒரு மண் ஓடுதளத்தில் இறக்கி நிறுத்திவிட்டு, மறுநாள் அங்கிருந்தே கிளம்புவோம். நடுவில் கரன்ட் போனால் விமானமும் போச்சு, பழையபடி முதலிலிருந்து. எந்நேரமும் மணல், மொட்டைப் பாறை, மறுபடியும் மணல். எனக்கு அது பிடித்துப்போனது.

பறந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று எஞ்சினை நிறுத்திவிடுவார். "அப் க்யா கரேங்கே, பாபி?" என்ன செய்யப் போகிறேன்? பதறாமல் கீழே சமமான இடம் தேட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். பாலைவனத்தில் இடத்துக்கா பஞ்சம்? எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம், இறங்கி நடந்துவிடலாம். அந்த நினைப்பில்தான் என் பயம் விட்டது. பாலைவனம் முடிந்து ஓர் ஊர் தெரிந்த அன்றைக்கு நானே இறக்கினேன். அவரும் அவர் மனைவியும் என் வீட்டுக்காரரும் கைதட்டினார்கள். "டிக்கெட் போடுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

நிஜ விமானத்தில் ஏறவும் செய்தேன். பெல்ட் போட்டாயிற்று. முன் சீட்டின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தேன். உயிர் காக்கும் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில் இருக்கிறதாம். எதற்கு என்று கேட்டேன்.

"தண்ணியில இறங்குனா போட்டுக்கத்தான். சும்மா எழுதி வச்சிருக்காங்க, பேசாம இரு" என்றார் வீட்டுக்காரர்.

என் மனசு தன்னால் இடம் தேட ஆரம்பித்துவிட்டது. சென்னை போய்ச் சேரும்வரை கையகல மண் கிடையாது. இறங்க இடம் பார், இறங்க இடம் பார் என்று அத்தனை நாள் பழகியதுதான் என் கழுத்தைப் பிடித்தது. கதவு மூடுவதற்குள் எழுந்துவிட்டேன். "நீங்களாச்சும் போய் அம்மாவப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே படியிறங்கினேன்.

அவர் தனியாகப் போய் நின்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எம்மக எங்க?"

"அடுத்த ஃப்ளைட்ல வந்துருவா, அத்த" என்றாராம். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? எவரும் சொல்லக்கூடியதுதான். ஆனால் அம்மா முகாமில் கேட்டுக் கேட்டு ஏமாந்த வார்த்தை அது. "அவளையும் கடல் கொண்டு போயிருச்சா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் போன் போட்டு அம்மா காதில் வைத்தார்கள். "அம்மா, நான்தாம்மா" என்று கத்தினேன்.

கொஞ்ச நேரம் கேட்டிருந்துவிட்டு, "யாரு பெத்த புள்ளையோ, அவ மாதிரியே பேசுற தாயி. நல்லா இரு" என்றார்.

உயிரோடு இருக்கும் எனக்காகவும் தம்பியோடு சேர்த்து அழுதபடியே அம்மா போய்ச் சேர்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷர், அதன் பிறகும் கூப்பிட்டார். நான் அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

இன்றைக்கும் ஆளுக்காகக் காத்திருக்கும் யாராவது என்னிடம் "அவங்க வந்துருவாங்கல்ல?" என்று கேட்டால், "தெரியல" என்று மட்டும்தான் சொல்கிறேன், கல்நெஞ்சக்காரி என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.