ஏழாம் நம்பர் வில்லை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கே நடந்தது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று ஊரையே கேலி செய்கிற ஆள் நான். அன்று வெளிச்சம்கூடப் போகவில்லை.

மீனை உறைய வைக்கும் கிடங்கில் எனக்கு வேலை. உள்ளே மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. பூட்டிவிட்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. மாலையில் பூட்டுவது என் பொறுப்பு. முன்பெல்லாம் உள்ளே போகிறவர் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார். ஆணியில் வில்லை தொங்கினால் பூட்டக் கூடாது. போன மாதம் ஏஐ கேமரா வந்தது. உள்ளே எத்தனை பேர் என்று அதுவே எண்ணித் திரையில் காட்டும். "இனிமே வில்லை எதுக்கு? மனுஷன் மறப்பான், மிஷின் மறக்குமா?" என்று மேனேஜர் எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். விட்டது தலைவலி என்றுதான் நானும் இருந்தேன்.

மாலை 6:10. திரையில் 0. பூட்டினேன்.

6:12. தங்கை போன் செய்தாள். அவள் வீட்டுக்காரரும் எங்கள் கிடங்கில்தான் வேலை.

"அண்ணா, அவரு கிளம்பிட்டாரா? போனே எடுக்கல."

"கிளம்பியிருப்பாரும்மா. உள்ள யாரும் இல்ல."

திரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

டிங்...

திரும்பினேன். ஆணியில் ஒரு வில்லை ஆடிக்கொண்டிருந்தது. நம்பர் 7.

கதவைத் திறந்து, "மாப்ளே!" என்று கத்தினேன். பதில் இல்லை. திரையில் 0. மறுபடி பூட்டினேன்.

6:16. டிங்... டிங்... டிங்...

காற்றே இல்லை.

கதவைத் திறந்து உள்ளே ஓடினேன்.

கடைசி வரிசை. பெட்டிகளுக்கு நடுவே மாப்பிள்ளை கிடந்தார். இமையெல்லாம் பனி.

மூச்சு இருந்தது...

பிழைத்துக்கொண்டார். வழுக்கி விழுந்ததில் தலையில் அடி. அசையாமல் கிடந்தவரை மீன்பெட்டி என்று நினைத்துவிட்டதாம் அந்தக் கேமரா. தங்கையிடம் நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மறுநாள் ஆணி காலி. மேனேஜர் அலமாரியைத் திறந்து பார்த்தார். மாப்பிள்ளையின் 12 இருந்தது. 7 இல்லை.

"ஏழு யாரோடது சார்?"

அவர் முகம் வெளுத்தது.

"நீ வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தார். ஒருநாள் வில்லையை மாட்ட மறந்துட்டு உள்ள போயிட்டார். ஆணி காலியா இருந்துச்சு, பூட்டிட்டாங்க. காலைல பார்த்தா... வில்லை அவர் கைக்குள்ள. விரலைப் பிரிக்கவே முடியல. அதோடயேதான் புதைச்சோம்."